அப்பா காதால் பார்த்த படம்

சொந்த ஊருக்குப் போய்விட்டு வந்து பயணக் கட்டுரை எழுதுவது கொஞ்சம் திமிர்தான். ஆனால் தைபேயில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது, எந்தப் பக்கம் வெளியே போவது என்று நின்று யோசித்தேன். யோசித்து நிற்பவன் எந்த ஊரிலும் பயணிதான்.

பழக்கதோஷத்தில் கால் மேற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வீடு அந்தப் பக்கம். ஆனால் நான் போக வேண்டியது கிழக்கே இருந்த கண் ஆஸ்பத்திரிக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலத்தில் மறுபடி ஏறினேன். படியில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், ஃபாரினா? பெட்டில சீட்டு தொங்கிகினு கீது. கிழிச்சிப் போட்டுட்டு ஆட்டோ பேசு. இல்லன்னா டபுளா கேப்பான்."

கிழித்துப் போட்டேன். முதல் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. முந்தின நாள் மதியத்திலிருந்து தூங்கவில்லை.

வந்த வேலை இரண்டு. ஒன்று, அப்பாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன். அப்பா ஆரோக்கியசாமி, எழுபத்துநாலு வயது, மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மேற்குத் தாம்பரம் வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டாவது வேலை என் லேப்டாப்பில் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் வெய்லுனைச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக நானும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நாங்கள் யாருக்கு யார் என்பது தைபேயில் எங்கள் காய்கறிக்காரிக்குக் கூடத் தெரியும். ஊரில் அக்கா ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். வெய்லுன் ஆவணப்படம் எடுப்பவன். இப்போது முடித்திருப்பது சீன சமூகத்தில் ஆணை விரும்பும் ஆண்களைப் பற்றி. போலீஸுக்குப் பயந்து பூங்காவில் கூடிய தலைமுறை, ஊருக்காகப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர்கள், பழைய அரண்மனைக் கதைகள், இன்றைக்குத் தைவானில் சட்டப்படி கல்யாணம் பதிபவர்கள் என்று எண்பது நிமிடம்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. முகம் காட்டும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் படம் முதலில் போக வேண்டும். தியேட்டரெல்லாம் அப்புறம். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் காட்சியை வெட்டிவிடுவான். அதற்குத் துணிவில்லாதவர்கள் படத்தில் வெறும் குரலாக வருவார்கள். நான் நாலு நிமிடம் முகத்தோடு வருகிறேன்.

தைனானில் அவன் வீட்டில் எடுத்த புத்தாண்டு விருந்து அது. பதினாலு உறவினர்கள். அவன் அம்மா என்னிடம், "நீங்கள் இருவரும் கல்யாணம் பதியப் போகிறீர்களே, உன் அப்பா சம்மதித்தாரா?" என்று கேட்கிறாள். நான் காமிராவுக்கு முன்னால், சீனத்தில், தெளிவாகச் சொல்கிறேன்: "அப்பா இறந்துவிட்டார்."

ஏன் சொன்னேன் என்று கேட்டால், களைப்பாக இருந்தது. உயிரோடு இருக்கிறார் என்றால் அடுத்த கேள்வி வரும். போன் போடு, பேசலாம் என்பாள். செத்துவிட்டார் என்றால் எந்த ஊரிலும் அதோடு பேச்சு நின்றுவிடும். வெய்லுனுக்கு அது பொய் என்று தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவிடம் நான் போனில் பேசுவதைக் கேட்பவன். அவன் காமிராவை நிறுத்தவில்லை. அப்புறம் என்னிடம், "இதை வைப்பதா வெட்டுவதா என்று நீ சொல்லக் கூடாது. அவர் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், திங்களன்று படத்தைப் பூட்டுகிறேன், அப்புறம் எதையும் மாற்ற முடியாது" என்றான்.

ஆக நாலு நாள் எனக்கு.

ஆபரேஷன் அரை மணியில் முடிந்தது. அப்பா கண்ணில் பஞ்சுக்கட்டோடு வந்து உட்கார்ந்து, இட்லி எங்கே என்று கேட்டார். நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்துச் சொன்னார். "தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது. ஒரு வாரத்துக்கு டிவி, செல் எதுவும் பாக்கக் கூடாது. மூணு சொட்டு மருந்து இருக்கு சார். ஒண்ணு போட்டு அஞ்சு நிமிஷம் விட்டு அடுத்தது."

டிவி கூடாது என்றதும் நான் லேப்டாப் பையைப் பார்த்தேன். வலது கண்ணிலும் புரை. அதற்கு அடுத்த மாதம்தான் நாள் கொடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணால் அவர் பார்ப்பது எதிரே ஆள் நிற்கிறானா இல்லையா என்பது மட்டும்தான். படத்தைப் போட்டுக் காட்டி, கீழே ஓடும் ஆங்கில வரிகளைச் சுட்டி, நான் வெளியே போய் நின்றுகொள்ளலாம் என்பது என் திட்டம். அது அங்கேயே முறிந்தது.

அக்கா என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள், பள்ளிக்கூட ஆசிரியை. யாரையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே நடத்துவாள்.

"இப்ப போய் அவர்கிட்ட எதையும் ஆரம்பிக்காதே. பிரஷர் ஏறும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும்கா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு சைனீஸ் தெரியாது. இப்ப கண்ணும் தெரியாது. நீதானே சொல்லணும்? எதையாவது நல்லதா சொல்லி, சரின்னு வாங்கிக்கோ. நாலு நிமிஷம்தானே."

அப்போது அது எனக்கு அசிங்கமாகப் பட்டது. மறுநாள் காலை அவ்வளவு அசிங்கமாகப் படவில்லை.

மறுநாள் ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, விடியற்காலை ஐந்து மணிக்கே அம்மனை எழுப்பிவிட்டார்கள். என்னையும். தைபேயில் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினால் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். இங்கே எங்கள் வீட்டு மாதா படமே அதிர்ந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போட்டார்.

பக்கத்து வீட்டு தேவகி தூக்கில் கூழும், முருங்கைக்கீரையும், தனியாக ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கூழ். இரண்டு சொம்பு குடித்தேன். குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தவள், "எப்ப தம்பி கல்யாண சாப்பாடு போடப் போறீங்க?" என்றாள். அப்பா, "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்றார். நாற்பத்தொரு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவர் சொல்லும் காரணம் அதுதான். நம்பிச் சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

பகல் முழுக்கப் பாட்டு. சொட்டு மருந்து போடுவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை காலையில், மூன்றாவது மருந்து அக்காவின் கைப்பையோடு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டது தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்தார். அப்பா புட்டியை மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ரயில் ஏறினேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே இருந்தவர் வண்டலூர் வருவதற்குள் என் வேலை, ஊர், சம்பளம் மூன்றையும் வாங்கிவிட்டார். தைபே ரயிலில் பக்கத்தில் இருப்பவர் செத்தால்கூட மெதுவாகத்தான் சாவார். யாரும் வாய் திறப்பதில்லை.

"ஃபேமிலி அங்கயா சார்?"

"ஆமா. ஒரு பொண்ணு, ரெண்டாங்கிளாஸ்" என்றேன்.

இந்த மாதிரிப் பொய்கள் எனக்குக் கை வந்த கலை. ஆளைப் பொறுத்து எனக்கு மனைவி இருப்பாள், பிரிந்திருப்பாள், பிரசவத்துக்குப் போயிருப்பாள். இருபது வருடமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவைச் சாகடித்ததும் இதே கைதான் என்று அந்த ஜன்னலோரத்தில் புரிந்தது. புரிந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது சிங்கப்பெருமாள் கோயில். இறங்கி, எதிர் வண்டிக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, கூடுவாஞ்சேரிக்குத் திரும்பினேன்.

அக்கா மருந்தைக் கொடுத்துவிட்டு, "சொல்லிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "நான் சொன்ன மாதிரியே பண்ணு. யாருக்கும் நஷ்டம் இல்ல" என்றாள். திரும்பும்போது அந்த முடிவோடுதான் வந்தேன். அது நேர்மையில்லை என்று தெரிந்தேதான் வந்தேன்.

மதியம் மூன்று மணிக்கு ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார்.

"அப்பா, என் ஃப்ரெண்டு ஒரு படம் எடுத்திருக்கான். நானும் கொஞ்சம் வரேன். வீட்டுல கேட்டுட்டுத்தான் வெளியிடுவான். நீங்க வேணாம்னா எடுத்துடுவான். கேக்கறீங்களா?"

"இன்னா படம்?"

"ஆம்பளையும் ஆம்பளையும் சேந்து வாழறதைப் பத்தி. சீனாக்காரங்க."

அவர் தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "போடு. சும்மாத்தானே படுத்துகினு கீறேன்" என்றார்.

போட்டேன். அவர்கள் சீனத்தில் பேசப் பேச நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். தொண்டை கட்டிப்போனது.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறது படம். ஓர் அரசனின் சட்டைக்கை மேல் அவனுடைய நண்பன் தலைவைத்துத் தூங்குகிறான். அவனை எழுப்ப மனமில்லாமல் அரசன் சட்டைக்கையை வெட்டிவிட்டு எழுந்து போகிறான். அப்பா, "சட்டை போனா போவுது. தூங்கறவன எழுப்பக் கூடாது" என்றார். நாற்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவர்.

அடுத்து குவாங்சோவில் ஒருவர். முகம் இல்லை, குரல் மட்டும். பெண்ணை விரும்பும் ஒரு பெண்ணோடு பேசிவைத்துக்கொண்டு, ஊரைக் கூட்டி, விருந்து வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இரண்டு பெற்றோர் வீட்டுக்கும் கணவன் மனைவியாகப் போய்வருகிறார்கள். மற்ற நாளில் அவர் அவருடைய ஆளோடு, அவள் அவளுடைய ஆளோடு. "எந்த வீட்டில் என்ன பொய் சொன்னோம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்" என்கிறார். "பாவம்டா. ரெண்டு வூட்லயும் வயிறு முட்டத் துன்னாகணும்" என்றார் அப்பா.

மூன்றாவது லின் தாத்தா. தைவானில் மலைப்பாதை ரயிலில் கார்டாக இருந்தவர். படத்தில் ரயில் சத்தம் வந்ததுமே அப்பா முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"எறக்கத்துல வருது. பிரேக்க விட்டு விட்டுப் புடிக்கிறான் பாரு. நல்ல டிரைவர்."

அந்த டிரைவர்தான் லின் தாத்தாவின் ஆள். இருபது வருடம் ஒரே டூட்டி கேட்டு வாங்கி, ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில்தான் அவர்கள் குடித்தனம். நான் அதைச் சொன்னதும் அப்பா நிறுத்தச் சொன்னார்.

"எங்க ரன்னிங் ரூம்லயும் ரெண்டு பேரு இருந்தாங்க. எந்த ஊருன்னு வேணாம். நான் அப்ப கூட்ஸ் ஓட்டிகினு இருந்தேன். ஒருத்தன் சமைப்பான், இன்னொருத்தன் தட்டு கழுவுவான். ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல. நாங்கதான் எல்லாரும் சேந்து ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டோம். ஒருத்தன தூரமா மாத்திட்டாங்க. கொஞ்ச நாள்ல அவன் வேலையே விட்டுட்டான்னு சொன்னாங்க." கண்ணாடிக்குக் கீழே வழிந்த மருந்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "நானும் கையெழுத்துப் போட்டேன். போடு, மேல போடு."

இருபது வருடம் நான் எதற்குப் பயந்தேனோ அது என் கற்பனையில்லை என்று ஆகிவிட்டது. சரி, அக்கா சொன்னபடியே செய்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

விருந்துக் காட்சி வந்தது. தட்டு, கிண்ணம், பேச்சு, சிரிப்பு. "இது ஒரு வீட்டுல புத்தாண்டு சாப்பாடு. எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க" என்றேன்.

"நீ பேசறியே" என்றார் அப்பா.

"இல்லப்பா, அது வேற…"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? எந்த பாஷைல பேசுனா இன்னா? சொல்லு, இன்னா சொல்றே அதுல?"

"உங்கப்பா எப்படி இருக்காருன்னு அந்த அம்மா கேக்கறாங்க. ஊர்ல நல்லா இருக்காருன்னு சொல்றேன்."

சொன்னது வழவழவென்று வந்தது. அப்பா தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் படத்தில் நாற்காலி நகர்கிறது, யாரோ உள்ளே ஓடுகிறார்கள், அப்புறம் தரையில் காசு விழுகிற சத்தம். இரண்டு காசு. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு காசு.

"இன்னாது அது? சாப்பாட்டு நேரத்துல காசு போட்டு வெளையாடறாங்களா?"

அந்த விளையாட்டுக்கும் ஒரு கதை கட்டியிருக்கலாம். எத்தனையோ கட்டியிருக்கிறேன். ஆனால் பொய்க்கும் ஒரு தெம்பு வேண்டும். மூன்று நாள் தூக்கமில்லாமல், வெயிலில் நின்று, ஒரு மணி நேரம் இன்னொருவர் வார்த்தைகளையே பேசித் தொண்டை வறண்டு, எனக்கு அந்தத் தெம்பு போய்விட்டது. துணிவு வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அலுத்துப்போய்ச் சொன்னேன்.

"நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லிட்டேன்பா. அந்த அம்மா வெய்லுனோட அம்மா. அவனும் நானும்தான் கல்யாணம் பதியப் போறோம். உங்கப்பா சம்மதிச்சாரான்னு கேட்டாங்க. செத்துட்டாருன்னேன்."

நான் நிறுத்த முடியாமல் மீதியையும் சொன்னேன். அங்கே புத்தாண்டுக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள். என் அப்பாவுக்கு வைக்க யாருமில்லையே என்று அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. வேறு குலத்து ஆளைத் தங்கள் முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு எதிரே உட்கார வைக்கக் கூடாது என்பதால், பால்கனிக் கதவோரம் தனியாக ஒரு முக்காலி போட்டு, சோறு, மீன், கீரை எல்லாம் வைத்தாள். சாப்பிடும் குச்சி வைத்தவள், இந்தியர் கையால் சாப்பிடுவாரே என்று அதை எடுத்துவிட்டாள். ஊதுவத்தி ஏற்றினாள். பிறகு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு இரண்டு காசைப் போட்டாள். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம். விழவில்லை. மூன்று தரம் போட்டும் விழவில்லை. வெளிநாட்டுக்காரர், வழி தெரியாமல் நிற்கிறார் போலிருக்கிறது என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பசியில் இருந்த மாமா ஒருவர், "அவர் வரும்வரை நாங்கள் சாப்பிடலாமா என்று கேள்" என்கிறார். அதற்குச் சரி என்று விழுந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"படத்தை நிறுத்து" என்றார். பிறகு, "கல்யாணம் கில்யாணம் அத அப்பறம் பேசிக்கலாம். என்னை எதுக்குடா சாவடிச்சே?" என்றார். ராத்திரி வரை, சொட்டு மருந்து நேரம் என்று நான் சொன்னால் மட்டும் மல்லாந்து படுத்தார். நான் இமையைப் பிடித்துப் போட்டேன். போட்டதும் திரும்பிக்கொண்டார்.

ஞாயிறு. அக்கா பூசை முடிந்து நேராக வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பெட்டி கட்டினேன். வெய்லுனிடமிருந்து மூன்று செய்தி வந்திருந்தது. மூன்றாவதில் ஒரு கேள்விக்குறி மட்டும். 'வெட்டிவிடு' என்று அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. கிளம்புமுன் ஒரு வேளை மருந்து பாக்கி. அப்பா படுத்துக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் சொட்டு போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததற்கு ஐந்து நிமிடம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"வெட்டச் சொல்லிடறேன்பா" என்றேன்.

"வெட்டாத."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வெட்டிட்டா நீ சொல்லலன்னு ஆயிடும். சொன்னியா இல்லியா? அப்ப இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த அம்மாகிட்ட நீயே நேர்ல போய்ச் சொல்லு. எங்கப்பா உயிரோட கீறாரு, நான்தான் பொய் சொன்னேன்னு. போன்ல இல்ல. நேர்ல."

"சரிப்பா."

"யாருன்னே தெரியாதவனுக்கு முக்காலி போட்டு வெச்சிருக்குது. வந்தாத்தானே துன்னுவேன். மூணு வாட்டி இல்ல இல்லன்னு விழுந்துதுன்னியே." அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் கீறேன்னு ரெண்டு காசுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியலியேடா."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த சொட்டுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அப்பாவின் இமை ஓரம் வழிந்துகொண்டிருந்தது. மருந்து கண்ணில் தங்க வேண்டும், அழக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.